சிபா தீர்ப்பளிப்பு: நிலுவைப் பணத்துக்காக அதை நாடிய ஒரு துணைக் குத்தகையாளரின் மதிப்பீடு

சிலாங்கூரில் எழுந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் வேலைகளைத் துணைக் குத்தகையாக எடுத்துச் செய்து முடித்த பிறகு, முதன்மைக் குத்தகையாளரிடம் எனக்கு 214,600 ரிங்கிட் நிலுவை நின்றது. கடைசி மூன்று இடைக்காலக் கோரிக்கைகளில் 148,000, கூடுதல் வேலைக்கு 41,600, பிடித்தத் தொகையின், அதாவது குறை இருந்தால் சரிசெய்ய என்று நம் பணத்தில் அவர்கள் பிடித்துவைக்கும் தொகையின், முதற்பாதி 25,000 என்பது அதன் கணக்கு. பதினொரு தொழிலாளர்களையும் இரண்டு லாரிகளையும் வைத்துப் பிழைக்கும் ஒருவனுக்கு இந்தத் தொகை ஓராண்டு இலாபத்தைவிடப் பெரியது. ஏழு மாதங்கள் தொலைபேசியிலும் நேரிலும் கேட்டு, ஒவ்வொரு முறையும் "மேம்பாட்டாளர் இன்னும் எங்களுக்குக் கொடுக்கவில்லை" என்ற ஒரே பதிலைப் பெற்றுத் திரும்பிய பிறகுதான், நம் தொழிலில் எல்லாரும் சிபா என்று சுருக்கிச் சொல்லும் 2012 ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில்துறைக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பளிப்புச் சட்டத்தின்கீழ் மனுச் செய்தேன். நீதிமன்றத்துக்குப் போகாமல், ஒரு தீர்ப்பாளர் இரு தரப்பின் வாதங்களையும் பார்த்து நிலுவைப் பணத்தைப் பற்றி முடிவு சொல்லும் வழி அது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் சேவையைப் போல இதையும் ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, கட்டிய காசுக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எழுதுவதே என் நோக்கம். சட்ட ஆலோசனை சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லை.

இந்தச் சட்டம் 2014 ஏப்ரல் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதை நிர்வகிக்கும் அமைப்பு ஆசிய அனைத்துலக நடுவர் தீர்ப்பு மையம். 1978 இல் கோலாலம்பூர் வட்டார மையம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு 2018 இல் இப்போதைய பெயரைப் பெற்ற இம்மையம், தலைநகரில் ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில், பழைய இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பங்குனான் சுலைமான் என்ற அழகான பழங்கட்டடத்தில் இயங்குகிறது. அழகைக் குறிப்பிட்டதற்குக் காரணம், அந்தக் கட்டடத்துக்குள் போகவேண்டிய தேவையே எனக்கு அதிகம் ஏற்படவில்லை என்பதுதான். என் வழக்கு முழுவதும் காகிதத்திலேயே நடந்து முடிந்தது. தீர்ப்பாளரின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பணம் கேட்பவர் எழுத்தில் ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுக்கவேண்டும். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும், ஒப்பந்தத்தின் எந்த விதியின்கீழ், எந்த வேலைக்கு என்பதோடு, இக்கடிதம் இந்தச் சட்டத்தின்கீழ் எழுதப்படுகிறது என்ற வாசகமும் அதில் இருக்கவேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 10 வேலைநாள் உண்டு. அதன்பின் தீர்ப்பளிப்பு அறிவிப்பு கொடுக்கலாம். தீர்ப்பாளர் யார் என்பதில் இரு தரப்பும் 10 வேலைநாளுக்குள் உடன்படாவிட்டால் மையத்தின் இயக்குநர் 5 வேலைநாளில் ஒருவரை நியமிப்பார். நியமிக்கப்பட்டவர் தம் நிபந்தனைகளைப் பேசி ஏற்றுக்கொள்ள 10, நாம் மனுவும் ஆவணங்களும் கொடுக்க 10, அவர்கள் எதிர்மனுத் தர 10, நாம் மறுமொழி தர 5, தீர்ப்பு எழுத 45. ஒவ்வொருவரும் கடைசி நாள்வரை இழுத்தால் மொத்தம் 105 வேலைநாள் ஆகிறது. வேலைநாள் என்பது கட்டுமானத் தளம் இருக்கும் மாநிலத்தின் வார விடுமுறையையும் பொது விடுமுறையையும் கழித்துக் கணக்கிடப்படுவதால், கிளந்தானில் வேலை செய்தவர் வெள்ளி, சனியைக் கழிக்கவேண்டும், எனக்குச் சனி, ஞாயிறு. நோன்புப் பெருநாளும் தீபாவளியும் இடையில் வந்ததில் என் கோரிக்கைக் கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஐந்தரை மாதங்கள் ஓடின. நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட நண்பர்களின் கதையோடு ஒப்பிட்டால் இது வேகம்தான். ஆனால் இதே வகைச் சட்டத்தை 2005 இல் நடைமுறைப்படுத்திய சிங்கப்பூரில், தீர்ப்பாளர் பொதுவாக 14 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்பதை அங்கே வேலை எடுக்கும் என் மைத்துனர் ஒவ்வொரு விருந்திலும் நினைவூட்டுகிறார்.

அவர் நினைவூட்டும் இன்னொரு வேறுபாடு உண்மையிலேயே முக்கியமானது. சிங்கப்பூரில் பதில் கடிதம் கொடுக்காமல் வாய்மூடி இருந்தால், பணத்தைப் பிடித்துவைத்ததற்கான காரணங்களைப் பிறகு தீர்ப்பாளர் முன் எடுத்துவைக்க வழியில்லாமல் போகும். இங்கே அப்படி இல்லை. பதிலே கொடுக்காதவர் கோரிக்கை முழுவதையும் மறுத்ததாகவே கருதப்படுவார். அதோடு 2017 இல் வியூ எஸ்டீம் எதிர் பினா பூரி வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், பதில் கடிதத்தில் சொல்லாத எதிர்வாதங்களையும் எதிர்மனுவில் எடுத்துவைக்கலாம் என்று தீர்த்துவைத்தது. இதன் விளைவை நான் என் தோலில் உணர்ந்தேன். எனக்குக் கிடைத்த பதில் கடிதம் ஒன்றரைப் பக்கம், அதில் இருந்தது மேம்பாட்டாளர் கொடுக்கவில்லை என்ற பழைய பல்லவி மட்டுமே. ஆனால் எதிர்மனு வந்தபோது அது மூன்று தடித்த கோப்புகளாக வந்தது. அதற்குள் 68,000 ரிங்கிட்டுக்கு ஒரு பேக்சார்ஜ், அதாவது நம் வேலையில் குறை என்று சொல்லி நமக்குரிய பணத்தில் கழிக்கும் செலவு, புதிதாக முளைத்திருந்தது. அதற்கு மறுமொழி எழுத எனக்கு இருந்தது 5 வேலைநாள். தாக்கப்படுபவனுக்கு நியாயம் வழங்க எழுந்த தீர்ப்பு அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் முதற்படியான கோரிக்கைக் கடிதமும் பதிலும் இதனால் வெறும் சடங்காகிவிடுகின்றன, உண்மையான சண்டை எதிர்மனு வந்த அன்றுதான் தொடங்குகிறது என்பதை இச்சேவையை நாடுபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டும். மறுமொழிக்கான ஐந்து நாளை நம்பி இருக்காமல், எதிர்த்தரப்பு என்னவெல்லாம் சொல்லக்கூடும் என்று முன்பே ஊகித்து ஆவணங்களை அடுக்கிவைத்திருப்பது நல்லது.

சேவையின் மிகச் சிறந்த அம்சம் 35 ஆவது பிரிவு. "மேலிருந்து எனக்கு வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற நிபந்தனையை அது செல்லாததாக்குகிறது. என் ஒப்பந்தத்தில் இந்த விதி, முதன்மைக் குத்தகையாளர் பணம் பெற்ற 14 நாளுக்குள் துணைக் குத்தகையாளருக்குக் கொடுக்கப்படும் என்ற மிக அடக்கமான வாசகத்தில் ஒளிந்திருந்தது. கையெழுத்துப் போட்டபோது, பதினான்கு நாளில் கொடுப்பார்கள் என்றே நான் அதைப் படித்தேன். முன்பகுதியைக் கவனிக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறோம். தீர்ப்பாளர் இந்த விதியை இரண்டு பத்திகளில் ஒதுக்கிவிட்டு, ஒப்பந்தத்தில் செல்லத்தக்க தவணை விதி இல்லாதபோது பொருந்தும் சட்டத்தின் இயல்பு விதியை, அதாவது விலைப்பட்டியல் பெற்ற 30 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்பதைப் பயன்படுத்தினார். ஏழு மாதங்கள் என்னை அலைக்கழித்த ஒரு பதில் இரண்டு பத்திகளில் கரைந்துபோனதைப் படித்தபோது, கட்டணத்தில் பாதி அங்கேயே வசூலானது போல இருந்தது. இதற்கும் ஒரு எல்லை உண்டு. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது என்று 2019 இல் ஜாக்-இன் பைல் எதிர் பாவர் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. அது 2011 இல் செய்துகொண்ட பைலிங் (அடித்தளத் தூண் இறக்கும்) வேலைக்கான ஒப்பந்தம். அதில் இருந்த இதே போன்ற விதி அங்கே உயிரோடு நின்றது. இன்று வேலை எடுப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி பேக்சார்ஜ். இதைச் சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் துணைக் குத்தகையாளர்களின் பணம் பெரும்பாலும் இந்த ஓட்டை வழியாகத்தான் ஒழுகிப் போகிறது. பதினான்காம் மாடியிலிருந்து பதினேழாம் மாடிவரை குளியலறைகளில் நீர் கசிந்து கீழ்த்தளத்துக் கூரையைக் கெடுத்ததாகவும், அதைச் சரிசெய்ய வேறு ஆள் வைத்ததாகவும், அந்தச் செலவு 68,000 ரிங்கிட் என்றும் எதிர்மனு சொன்னது. கசிவு உண்மை. நானே அதைப் பார்த்திருக்கிறேன். கேள்வி என்னவென்றால், தண்ணீர் என் குழாயிலிருந்து வந்ததா, அல்லது வேறொருவர் செய்த நீர்க்காப்புப் பூச்சின் வழியாக வந்ததா என்பதே. குளியலறைத் தரையைத் தோண்டிப் பார்க்காமல் இதைக் காகிதத்தில் எப்படி நிரூபிப்பது என்று இரண்டு இரவு தூக்கமில்லாமல் கிடந்தேன்.

காப்பாற்றியது ஒரு படிவம். குழாய்களைச் சுவருக்குள் மூடுவதற்கு முன் ஒவ்வொரு மாடியிலும் அழுத்தச் சோதனை செய்து, எத்தனை பார் அழுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதி, தளக் கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். பல இடங்களில் இந்தக் கையெழுத்தை வேலை முடிந்தபின் மொத்தமாகப் போட்டுக்கொள்வார்கள். என் மேற்பார்வையாளர் பழைய காலத்து மனிதர், கையெழுத்து வாங்காமல் கொத்தனாரை அருகில் விடமாட்டார். அவருடைய பிடிவாதத்தால் பணி தாமதமாவதாக நான் அவரைப் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறேன். பதினான்கிலிருந்து பதினேழுவரையான நான்கு மாடிகளின் படிவங்களும் தேதியோடும் கையெழுத்தோடும் கோப்பில் இருந்தன. ஓடு பதித்தவர்கள் தரையைத் துளைத்தபோது இரண்டு வீடுகளில் குழாய் உடைந்ததாக அதே தளக் கண்காணிப்பாளர் எழுதிய குறிப்பும் இருந்தது. தீர்ப்பாளர் இந்தப் படிவங்களைப் பட்டியலிட்டு, எதிர்த்தரப்பின் பழுதுபார்ப்பு விலைப்பட்டியல்களில் எவை நீர்க்காப்புப் பூச்சுக்கானவை, எவை குழாய்க்கானவை என்று வரிவரியாகப் பிரித்து, என் பொறுப்பாக 8,500 ரிங்கிட் மட்டுமே வரும் என்று முடிவு செய்தார். அந்த 8,500 ஐ நான் எதிர்பார்க்கவில்லை. அது ஒரு கழிவுநீர் இணைப்பில் உண்மையாகவே எங்கள் ஆள் செய்த தவறு. படித்தபோது கோபம் வந்தது, மறுநாள் அடங்கியது.

கூடுதல் வேலையில் அவ்வளவு நன்றாக அமையவில்லை. குழாய்த் தண்டுகளை இடம் மாற்றிய வேலைக்கு எழுத்துமூல உத்தரவு இருந்ததால் 29,300 ரிங்கிட் முழுமையாகக் கிடைத்தது. குப்பை அறைகளில் கூடுதல் வடிகால் போட்ட வேலைக்குத் தளப் பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அந்த 12,300 ரிங்கிட்டும் போனது. ஒப்பந்தத்தில் கூடுதல் வேலைக்கு எழுத்துமூல உத்தரவு வேண்டும் என்ற விதி இருப்பதைத் தீர்ப்பாளர் சுட்டிக்காட்டியிருந்தார். அந்த வடிகால்கள் இன்றும் அந்தக் கட்டடத்தில் வேலை செய்கின்றன, யாரும் அவற்றை மறுக்கவில்லை. நேரில் விசாரித்திருந்தால், அந்தப் பொறியாளரை அழைத்து இரண்டு கேள்வி கேட்டிருந்தால், இந்தத் தொகையும் எனக்கு வந்திருக்கும் என்று இன்னும் நம்புகிறேன். சட்டப்படி தீர்ப்பாளர் விசாரணை நடத்தலாம், தளத்தைப் பார்வையிடலாம், நிபுணர்களை அமர்த்தலாம். ஆனால் என் தொகை அளவிலான வழக்குக்கு அதற்கான நேரமும் செலவும் கட்டுப்படியாகாது என்று கருதியிருப்பார் போலும். இந்தச் சேவை கோப்பைப் படிக்கிறது, கட்டடத்தைப் பார்ப்பதில்லை. கோப்பில் இல்லாத வேலை நடக்காத வேலை.

மொத்தத்தில் 214,600 க்குப் பதிலாக 193,800 ரிங்கிட்டும், அதற்கு ஆண்டுக்கு 5 விழுக்காட்டு எளிய வட்டியும், செலவில் ஒரு பகுதியும் எனக்குத் தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு எழுத்தில், காரணங்களோடு, 38 பக்கங்களில் இருந்தது. நடுவில் இரண்டு இடங்களில் கணக்குக் கூட்டலைச் சரிபார்த்து என் பிழையையும் திருத்தியிருந்தார். கட்டுமானத் தொழில் தெரிந்த ஒருவர் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. அந்த வகையில் இந்த நியமனத்தில் எனக்கு முழு மனநிறைவு.

செலவைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. தீர்ப்பாளரின் கட்டணம் கோரும் தொகைக்கு ஏற்ப ஏறும். அதை இரு தரப்பும் சரிபாதியாகச் செலுத்தவேண்டும் என்பதே சட்டம், ஆயினும் முழுத் தொகைக்கும் இருவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாளிகள். தீர்ப்பை வெளியிடுவதற்கு முன் கட்டணம் முழுவதையும் மையத்தின் இயக்குநரிடம் கட்டிவைக்கும்படி தீர்ப்பாளர் கேட்கலாம். பணம் தராமல் இழுத்தடிப்பவர் தன் பாதியை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிடுவார் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர் இந்தத் தொழிலுக்குப் புதியவர். நான் இரண்டு பாதியையும் கட்டினேன். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை, தாமாகவே வாதாடலாம். ஆயினும் எதிர்மனுவின் மூன்று கோப்புகளைப் பார்த்தபிறகு ஒரு கோரிக்கை ஆலோசகரின் உதவியை நாடினேன். எல்லாம் சேர்த்து நான் கோரிய தொகையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கையிலிருந்து போனது. அதில் ஒரு பகுதிதான் தீர்ப்பின் வழியாகத் திரும்பி வந்தது. ஏற்கெனவே பணமில்லாமல் தவிப்பவன் மேலும் பணம் கட்டித்தான் தன் பணத்தைக் கேட்கமுடியும் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. என் மனைவியின் நகை சில மாதங்கள் அடகுக் கடையில் இருந்தது. இருபது, முப்பதாயிரம் ரிங்கிட் நிலுவைக்கு இந்த வழி பொருந்துமா என்று கேட்டால், யோசித்துத்தான் இறங்கவேண்டும் என்பேன்.

தீர்ப்பு கைக்கு வந்த அன்று மாலை தொழிலாளர்களுக்குத் தோசையும் கோழிக்கறியும் வாங்கிக் கொடுத்தேன். பணம் கைக்கு வர மேலும் ஐந்து மாதங்கள் ஆயின. சேவையைப் பற்றி எழுதுபவர்கள் பலர் தீர்ப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு உண்மையான பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

தீர்ப்புக்குப் பிறகு சட்டம் சில கருவிகளைத் தருகிறது. 28 ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்து, தீர்ப்பை நீதிமன்ற உத்தரவைப் போல நிறைவேற்றும்படி கேட்கலாம். கோலாலம்பூரிலும் ஷா ஆலாமிலும் 2013 முதல் கட்டுமான வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றங்கள் இருப்பது இதற்கு வசதி. 29 ஆவது பிரிவின்கீழ் 14 நாள் அறிவிப்புக் கொடுத்து வேலையை நிறுத்தலாம் அல்லது மெதுவாக்கலாம். என் வேலை முடிந்துவிட்டதால் அது எனக்குப் பயன்படவில்லை, ஆனால் நடுவில் சிக்கிக்கொண்டவர்களுக்கு அது கூர்மையான ஆயுதம். நிறுவனத்தைக் கலைக்கும் நடவடிக்கையின் முதற்படியாக 21 நாள் நோட்டீஸ் அனுப்பும் வழியும் உண்டு. தீர்ப்பை முதலில் 28 ஆவது பிரிவின்கீழ் பதிவு செய்யாமலேயே அந்த வழியில் போகலாம் என்று லிக்காஸ் பே எதிர் பினா பூரி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் சொல்லியிருக்கிறது. என் ஆலோசகர் அதை வேண்டாம் என்றார். கலைக்கப்பட்ட நிறுவனத்திடம் வரிசையில் நிற்கும் கடன்காரர்களில் ஒருவனாக நிற்பதில் எனக்கு என்ன இலாபம் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நான் பயன்படுத்தியது 30 ஆவது பிரிவு. இந்த மதிப்பீட்டில் நான் யாருக்காவது ஒன்றைப் பரிந்துரைக்கவேண்டுமானால் அது இதுதான். தீர்ப்பின்படி பணம் தராதவருக்கு மேலே இருப்பவரிடம், என் விஷயத்தில் மேம்பாட்டாளரிடம், நேரடியாகப் பணம் தரும்படி எழுத்தில் கேட்கலாம். கடிதம் கிடைத்ததும் அவர் முதன்மைக் குத்தகையாளருக்கு அறிவிப்புக் கொடுக்கவேண்டும். பணம் கொடுத்ததற்கான சான்றை 10 வேலைநாளுக்குள் காட்டத் தவறினால், மேம்பாட்டாளர் தீர்ப்புத் தொகையை நமக்குக் கொடுத்துவிட்டு, அதை முதன்மைக் குத்தகையாளருக்குத் தரவேண்டிய தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, நம் கடிதம் அவர் கையில் சேரும் நேரத்தில் அவர் முதன்மைக் குத்தகையாளருக்குத் தரவேண்டிய பணம் ஏதாவது இருக்கவேண்டும். இந்த நிபந்தனையில்தான் காலத்தின் அருமை இருக்கிறது. கட்டடம் முடிந்த உடனே மேம்பாட்டாளரிடம் இறுதிக் கணக்கும் பிடித்தத் தொகையும் தேங்கி நிற்கும். ஓராண்டு கழித்துப் போனால் தொட்டி வற்றியிருக்கும். ஏழு மாதங்கள் தொலைபேசியில் கெஞ்சியதற்கு நான் கொடுத்த விலையை இந்தப் பிரிவைப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

என் கடிதம் போய்ச்சேர்ந்தபோது மேம்பாட்டாளரிடம் முதன்மைக் குத்தகையாளருக்கு உரியதாக 120,000 ரிங்கிட் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவருடைய கணக்குப் பிரிவு என் தீர்ப்பின் நகலையும் வங்கி விவரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆறு வாரத்தில் அந்தத் தொகையை அனுப்பியது. எஞ்சிய 73,800 ரிங்கிட்டுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனேன். எதிர்த்தரப்பு தீர்ப்பை ரத்து செய்யும்படி எதிர்மனுப் போடுவதாக எழுதியது. அதற்கான காரணங்களைச் சட்டம் நான்காகச் சுருக்கியிருக்கிறது: மோசடியோ இலஞ்சமோ, இயற்கை நீதி மறுப்பு, தீர்ப்பாளர் நடுநிலை தவறியது, அதிகார வரம்பு மீறியது. தீர்ப்பு தவறு என்று சொல்வது மட்டும் போதாது. ஆனால் தீர்ப்பை நிறுத்திவைக்கக் கேட்கும் வழி அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. முன்பு மிக அரிதான சூழலில்தான் நிறுத்திவைப்பார்கள் என்று கருதப்பட்டது. நான் மேலே சொன்ன அதே 2017 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தீர்ப்பில் வெளிப்படையான பிழை இருந்தாலோ நீதியின் தேவைக்காகவோ நிறுத்திவைக்கலாம் என்று வாசலை அகலப்படுத்தியது. பணத்தை மையத்தின் இயக்குநரிடம் கட்டிவைக்கும்படி உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நல்ல வேளையாக எதிர்த்தரப்பு இவற்றில் எதையும் நடத்தவில்லை. விசாரணைத் தேதிக்கு முன் வாரம் தவணையில் கட்டுவதாகச் சொல்லி, ஆறு தவணை பேசி, நான்கில் முடித்தது.

இந்தத் தீர்ப்பு இறுதியானது அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஒப்பந்தப்படி நடுவர் தீர்ப்புக்கோ நீதிமன்றத்துக்கோ போய் முழுச் சண்டையையும் மீண்டும் போடலாம், அங்கே முடிவு மாறலாம். அதுவரை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். முதலில் பணத்தைக் கொடு, பிறகு வாதாடு என்பதே இந்தச் சட்டத்தின் உள்ளம். 1996 இல் இங்கிலாந்தில் பிறந்து, 1999 இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வழியாகச் சிங்கப்பூருக்கும் நமக்கும் வந்துசேர்ந்த யோசனை அது. 45 வேலைநாளுக்குள் வராத தீர்ப்பு, இரு தரப்பும் கூடுதல் காலத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, செல்லாது. என் தீர்ப்பு நாற்பத்து மூன்றாம் நாள் வந்தது, அந்தக் கடைசி வாரம் எனக்கு இரத்த அழுத்த மாத்திரை கூடியது.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் குறிப்பிடுகிறேன். எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாதவர் இதில் நுழையவே முடியாது. தன் சொந்தக் குடியிருப்புக்காக நான்கு மாடிக்குக் குறைந்த வீடு கட்டும் தனிமனிதரிடம் வேலை செய்தவருக்கும் இச்சட்டம் இல்லை. வீட்டைப் பெரிதாக்கும் வேலை, சமையலறை வேலை எடுக்கும் நம்மவர் பலர் இந்த இரண்டில் ஒன்றில் அடிபட்டுப் போகிறார்கள். பணம் கொடுத்திருக்கவேண்டிய நாளிலிருந்து 6 ஆண்டு கடந்த நிலுவையும் சேராது. மாறாகக் கட்டடக் கலைஞர், அளவையாளர் போன்றோர் தங்கள் தொழிற்கட்டணத்துக்கும் இதே வழியில் வரலாம், அது பலருக்குத் தெரிவதில்லை.

நட்சத்திரம் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், தீர்ப்பளிப்புக்கு ஐந்தில் நான்கு, பணம் வசூலாகும் ஏற்பாட்டுக்கு இரண்டரை. அந்த இரண்டரையில் இரண்டு 30 ஆவது பிரிவுக்கு உரியது. அடுத்த வேலையிலிருந்து நான் செய்துள்ள மாற்றங்கள் சிறியவை. வாய்மொழி உத்தரவு வந்த அன்றே அதை ஒரு கடிதமாக எழுதி அவர்களுக்கே அனுப்பிப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குகிறேன். நிலுவை இரண்டு மாதத்தைத் தாண்டினால் தொலைபேசியை எடுப்பதில்லை, கோரிக்கைக் கடிதத்தை எடுக்கிறேன். மேற்பார்வையாளரின் சம்பளத்தையும் உயர்த்தியிருக்கிறேன்.

அந்தக் கட்டடத்தின் குறைபாடு நீக்கக் காலம் அடுத்த மாதம் முடிகிறது. பிடித்தத் தொகையின் மறுபாதியான 25,000 ரிங்கிட் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. கடிதம் தட்டச்சாகித் தயாராக மேசையில் இருக்கிறது, தேதி மட்டும் போடவேண்டும்.